மேசைத் தரவுத்தளச் சிதைவு

மேசைத் தரவுத்தளச் சிதைவு என்பது, தனியாள் கணினியிலோ சிறு அலுவலக வலையமைப்பிலோ இயங்கும் தரவுத்தள மென்பொருளின் கோப்பு, எழுதப்படும்போது இடையில் தடைபடுவதால் தன் உள்ளமைப்பில் முரண்பட்டு, முழுமையாகவோ பகுதியாகவோ படிக்க இயலாத நிலையை அடைவதாகும். மின்தடை, மென்பொருள் செயலிழப்பு, வலையமைப்பு அறுபடல், வன்தட்டுப் பழுது ஆகியவை இதன் பொதுவான காரணங்கள். டிபேஸ், பாக்ஸ்புரோ, மைக்ரோசாப்ட் ஆக்செஸ், ஓப்பன் ஆபிஸ் பேஸ் முதலியன இவ்வகை மென்பொருள்களாகும். தமிழ்நாட்டில் 1990களிலும் 2000களிலும் கடைகள், நெல் அரைவை ஆலைகள், பள்ளி அலுவலகங்கள் ஆகியவற்றின் கணக்குகளும் பெயர்ப் பட்டியல்களும் பெரும்பாலும் இத்தகைய மென்பொருள்களைக் கொண்டு எழுதப்பட்ட செயலிகளிலேயே வைக்கப்பட்டன. அவற்றுள் சில இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

மென்பொருள் செயலிழப்பும் தரவு இழப்பும் ஒன்றல்ல. மென்பொருள் திறக்க மறுத்தும் தரவு முழுமையாக இருக்கலாம். மென்பொருள் இயல்பாகத் திறந்தும் சில பதிவுகள் காணாமற் போயிருக்கலாம். இரண்டாவது நிலையே அதிக தீங்கு விளைவிப்பது. ஏனெனில் அது பல நாட்கள் கழித்தே தெரியவரும்.

அமைப்பு

பெரிய நிறுவனங்களில் பயன்படும் ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் வழங்கி எனப்படும் ஒரு தனி நிரல் மட்டுமே கோப்பைத் தொடும். பயனர்கள் அதனிடம் வேண்டுகோள் மட்டும் விடுப்பர். வழங்கி ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பின்னரே உரிய இடத்தில் பதிக்கும். இடையில் மின்சாரம் நின்றால், மீண்டும் தொடங்கும்போது குறிப்பேட்டைப் படித்து, முடிந்தவற்றை நிறைவுசெய்து, முடியாதவற்றை நீக்கிவிடும்.

மேசைத் தரவுத்தளத்தில் இந்த நடுவர் இல்லை. ஒவ்வொரு பயனரின் கணினியும் கோப்பில் நேரடியாக எழுதுகிறது. ஐந்து பேர் ஒரே கோப்பைப் பகிர்ந்தால், ஐந்து கணினிகளும் அவற்றை இணைக்கும் கம்பியும் பழுதின்றி இருந்தால்தான் கோப்பு நலமாக இருக்கும். டிபேஸ் வகைக் கோப்புகளுக்கு மேற்கூறிய குறிப்பேடும் கிடையாது. ஆகவே ஒரு பதிவை எழுதும் பணி பாதியில் நின்றால், எது பழையது, எது புதியது என்று கோப்பிடம் கேட்டறிய வழியில்லை.

பயனர் 'சேமி' என்ற பொத்தானை அழுத்தியவுடன் தரவு வன்தட்டுக்குச் சென்றுவிடுகிறது என்று கருதுவதும் தவறு. இயங்குதளம் அதை முதலில் நினைவகத்தில் வைத்திருந்து, வசதியான நேரத்தில் எழுதும். வன்தட்டும் தன் பங்குக்குச் சிறிது நேரம் தன்னுள்ளே வைத்திருக்கும். இந்த இடைவெளி சில நொடிகளே ஆயினும், ஒரு பதிவைச் சேர்க்கும்போது தரவுக்கோப்பு, சுட்டுக்கோப்பு, குறிப்புக்கோப்பு என மூன்று இடங்களில் எழுத வேண்டியிருப்பதால், அவற்றுள் ஒன்று எழுதப்பட்டு மற்றவை எழுதப்படாமல் போக அச்சில நொடிகள் போதுமானவை.

மின்தடை

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012இல் சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அறிவிக்கப்பட்ட நேரத்தில் வரும் மின்வெட்டைவிட, அறிவிப்பின்றி ஒரு கணம் நின்று உடனே திரும்பும் மின்சாரமே தரவுத்தளத்திற்கு அதிக ஊறு செய்கிறது. முன்னதற்குப் பயனர் மென்பொருளை மூடிவிட்டு ஆயத்தமாக இருப்பார். பின்னதற்கு எவரும் ஆயத்தமாக இருப்பதில்லை.

மேசைக்கணினியின் மின்வழங்கிப் பகுதி, வெளி மின்சாரம் நின்றபின் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிநொடி வரை தாக்குப்பிடிக்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. யு.பி.எஸ். கருவி அதற்குள் மின்கலத்திற்கு மாறிவிடும். வீடுகளிலும் கடைகளிலும் மின்விசிறிக்காகப் பொருத்தப்படும் இன்வெர்ட்டர் அவ்வளவு விரைவாக மாறுவதற்காக அமைக்கப்பட்டதன்று. பல இன்வெர்ட்டர்களில் இதற்கெனத் தனி நிலைமாற்றி உண்டு. அது கணினிக்குரிய நிலையில் வைக்கப்படாவிட்டால், விளக்கு அணையாமல் கணினி மட்டும் அணைந்து எழும். 'இன்வெர்ட்டர் இருந்தும் ஏன் கோப்பு கெட்டது' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

பழுதின் இடம் அறிதல்

செயலிழப்பு நேர்ந்தவுடன் செய்யவேண்டிய முதற்பணி, எல்லாக் கணினிகளிலும் மென்பொருளை மூடி, கோப்புகள் உள்ள கோப்புறை முழுவதையும் வேறொரு தட்டில் படியெடுப்பதாகும். பழுதுபட்ட கோப்பைப் படியெடுப்பதால் என்ன பயன் என்று பலர் இதைத் தவிர்க்கின்றனர். பழுதுநீக்கும் கருவி ஒன்று தவறாக இயங்கினால் மீண்டும் தொடங்குவதற்கு இப்படி ஒன்றே எஞ்சும். அதன்பின் செய்யும் எல்லாச் சோதனைகளையும் படியின் மீதே செய்தல் வேண்டும்.

அடுத்து, படியெடுத்த கோப்பை மற்றொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே அது இயல்பாக இயங்கினால் பழுது கோப்பில் இல்லை. முதற்கணினியின் நினைவகம், வன்தட்டு, மென்பொருள் நிறுவல் ஆகியவற்றில் தேட வேண்டும். படியெடுக்கும்போதே வன்தட்டு பிழை காட்டினால், தரவுத்தளத்தை மறந்துவிட்டு முதலில் வன்தட்டைக் கவனித்தல் வேண்டும். ஒரு குறிப்பிட்ட பதிவை அணுகும்போது மட்டும் எல்லாக் கணினிகளிலும் மென்பொருள் முறிந்தால், அப்பதிவு சிதைந்துள்ளது எனலாம்.

தரவு நலமாக இருந்தும் மென்பொருள் முறிந்த நிகழ்வுகளுக்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. பாக்ஸ்புரோ 2.6 பதிப்பு, 1990களின் இறுதியில் வந்த விரைவான செயலிகளில் தொடங்கும்போதே 'பூச்சியத்தால் வகுத்தல்' என்ற பிழையுடன் நின்றது. கணினியின் வேகத்தை அளக்கும் அதன் நிரல்துண்டு, அத்தனை வேகத்தை எதிர்பார்த்து எழுதப்படாததே காரணம். புதுக் கணினி வாங்கியவர்கள் பழைய தரவு கெட்டுவிட்டது என்று எண்ணினர். மற்றொன்று 2019 நவம்பர் 12 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஆபிஸ் பாதுகாப்பு மேம்படுத்தலால் நிகழ்ந்தது. அதன்பின் ஆக்செஸ் மென்பொருளில் பதிவுகளைத் திருத்தும் வினவல்கள் 'வினவல் சிதைந்துள்ளது' என்ற செய்தியுடன் 3340 என்ற எண்ணுள்ள பிழையைக் காட்டின. உண்மையில் எதுவும் சிதையவில்லை. பழுது அந்த மேம்படுத்தலிலேயே இருந்தது. பின்னர் வெளியான திருத்தங்களால் அது சரியானது. பிழைச்செய்தி சொல்வதை அப்படியே நம்பிப் பழுதுநீக்கத் தொடங்குவது சரியன்று என்பதற்காக இதனை இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது.

டிபேஸ் வகைக் கோப்புகள்

டிபேஸ், பாக்ஸ்பேஸ், கிளிப்பர், பாக்ஸ்புரோ ஆகியவை டிபிஎஃப் எனப்படும் ஒரே குடும்பக் கோப்புவடிவத்தைப் பயன்படுத்துகின்றன. பாக்ஸ்புரோவை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 1992இல் வாங்கியது. விசுவல் பாக்ஸ்புரோ 9 அதன் இறுதிப் பதிப்பாகும்; அதற்கான ஆதரவு 2015 சனவரியுடன் முடிவுற்றது.

இக்கோப்பின் அமைப்பு மிக எளிது. சிதைவையும் மீட்பையும் கற்க விரும்பும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது. கோப்பின் தொடக்கத்தில் தலைப்பகுதி உள்ளது. அதில் இறுதியாகத் திருத்திய நாள், பதிவுகளின் எண்ணிக்கை, தலைப்பகுதியின் நீளம், ஒரு பதிவின் நீளம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். பின்னர் பதிவுகள் ஒரே நீளத்தில் வரிசையாக அமையும். ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் அது நீக்கப்பட்டதா என்பதைக் குறிக்கும்: வெற்றிடமானால் உள்ளது, உடுக்குறியானால் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பதிவு 'பேக்' என்ற கட்டளை தரப்படும் வரை கோப்பிலேயே கிடக்கும். அதுவரை அதைத் திரும்பப் பெறலாம்.

எடுத்துக்காட்டாக, கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஒரு வெண்கலச் சிற்பக்கூடம் தன் பணிக்கோரிக்கைகளை இவ்வாறு வைத்துள்ளது எனக் கொள்வோம். சுவாமிமலைப் படிமங்கள் மெழுகுவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. வார்ப்புக்குப்பின் மண்கூடு உடைக்கப்படுவதால், அதே படிமத்தை மீண்டும் வார்க்க அச்சு எதுவும் மிஞ்சாது. எந்தத் திருவுருவம், என்ன உயரம், யார் கேட்டது, எவ்வளவு முன்பணம் என்பவற்றுக்குப் பதிவேடே சான்று. அதில் வரிசை எண் (6 எழுத்து), திருவுருவம் (30), உயரம் (6), எடை (8), கோரியவர் (40), நாள் (8), முன்பணம் (11), குறிப்பு (10) என எட்டுப் புலங்கள் உள்ளன. இவற்றின் கூட்டுத்தொகை 119. நீக்கக்குறிக்குரிய ஒரு பைட்டையும் சேர்க்க, ஒரு பதிவின் நீளம் 120 பைட்டு. தலைப்பகுதிக்கு அடிப்படையாக 32 பைட்டு, புலம் ஒன்றுக்கு 32 வீதம் 256 பைட்டு, முடிவுக்குறி 1 பைட்டு என 289 பைட்டு ஆகும்.

ஒரு நாள் மாலை மூன்று புதிய கோரிக்கைகளைப் பதிந்தவுடன் மின்சாரம் நின்றது. மறுநாள் மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாமல் திறந்தது. பதிவுகள் 1497 என்றது. கோப்பின் அளவோ 180290 பைட்டு. அதிலிருந்து தலைப்பகுதியின் 289 பைட்டையும் கோப்பின் இறுதிக்குறியான 1 பைட்டையும் கழித்தால் 180000; அதை 120ஆல் வகுத்தால் 1500. அதாவது மூன்று பதிவுகளும் வன்தட்டுக்கு வந்துவிட்டன. தலைப்பகுதியிலுள்ள எண்ணிக்கை மட்டும் திருத்தப்படவில்லை. எண்ணிக்கையை 1500 என மாற்றினால் அவை தோன்றும். மாற்றாமல் பணியைத் தொடர்ந்தால், அடுத்துச் சேர்க்கும் பதிவு 1498ஆம் இடத்தில், அங்கே ஏற்கெனவே இருக்கும் கோரிக்கையின் மீதே எழுதப்படும். மூன்று புதிய பதிவுகள் சேர்ந்ததும் பழைய மூன்றும் இல்லாமற் போகும். கோப்பும் மீண்டும் ஒழுங்காகிவிடும். முன்பணம் தந்தவர் படிமத்தைப் பெற வரும் நாளில்தான் இழப்பு தெரியும்.

இதனைத் தடுக்க, விசுவல் பாக்ஸ்புரோ 8 முதல் கோப்பைத் திறக்கும்போதே எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கப்பட்டது. ஒவ்வாத கோப்பு சிதைந்தது எனக் கூறித் திறக்க மறுக்கப்பட்டது. அப்போது பலர் இதைத் தொல்லை எனக் கருதிச் சரிபார்ப்பை அணைத்துவைத்தனர்.

கணக்கு எதிர்ப்புறமாக வருவதும் உண்டு. தலைப்பகுதி கூறுவதைவிடக் கோப்பு சிறிதாக இருந்தால், இறுதிப் பதிவுகள் கோப்பில் சேரவில்லை என்பது பொருள். பழைய பேட் கோப்புமுறைமையில் வன்தட்டுச் சோதனை நிரல் திரட்டித்தரும் அநாதைத் துண்டுகளில் அவை சிலவேளை கிடைப்பதுண்டு. இல்லையேல் காகிதத்தைப் பார்த்து மீண்டும் பதிவதைத் தவிர வேறு வழியில்லை.

சுட்டுக்கோப்பின் சிதைவு அஞ்சத்தக்கதன்று. அது தரவிலிருந்து உருவாக்கப்படுவதால் எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கலாம். எனினும் 'ரீஇண்டெக்ஸ்' என்ற கட்டளை பழைய சுட்டுக்கோப்பின் தலைப்பகுதியை நம்பியே செயற்படும். அத்தலைப்பகுதியே கெட்டிருந்தால் பயனில்லை. சுட்டுக்கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாகவே உருவாக்குவது நன்று. குறிப்புக்கோப்பு அவ்வாறன்று. நீண்ட குறிப்புகள் தனிக்கோப்பில் இருக்க, முதன்மைப் பதிவில் அவை தொடங்கும் இடத்தின் எண் மட்டுமே இருக்கும். அவ்வெண் பிறழ்ந்தால் ஒரு கோரிக்கையில் மற்றொன்றின் குறிப்பு வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்க மனிதக் கண்ணே வேண்டும்.

மைக்ரோசாப்ட் ஆக்செஸ்

1992இல் வெளியான ஆக்செஸ், அட்டவணைகள், சுட்டுகள், படிவங்கள், நிரல்கள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் வைக்கிறது. படியெடுக்க இது வசதியானது; ஒரு பகுதியின் சிதைவு முழுக்கோப்பையும் திறக்கவிடாமல் செய்யும் என்பது இதன் மறுபக்கம். 2000ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் கோப்பு 4096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கோப்பின் உச்ச அளவு 2 கிகாபைட்டு. இந்த எல்லையை நெருங்கும் கோப்புகளில் விளக்கமற்ற பிழைகள் தோன்றுவது வழக்கம் ஆகையால், ஆராயத் தொடங்குமுன் கோப்பின் அளவைப் பார்த்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோப்பு திறந்திருக்கும்போது அதனருகே ஒரு பூட்டுக்கோப்பு தோன்றி, யார் யார் பயன்படுத்துகின்றனர் என்பதைக் குறித்துவைக்கும். எல்லோரும் வெளியேறிய பின்னும் அது மறையாதிருந்தால், எவரோ ஒருவரின் கணினி முறையாக மூடப்படவில்லை என அறியலாம். 2018இல், விண்டோஸ் 10 இயங்குதளத்தின் புதிய பதிப்புகளுடன் வலையமைப்பில் பகிரப்பட்ட ஆக்செஸ் கோப்புகள் பல 'முரண்பட்ட நிலையில் உள்ளன' என்று கூறித் திறக்க மறுத்தன. கோப்பின் பகுதிகளைப் பயனர் கணினியிலேயே தேக்கிவைக்கும் வலையமைப்பு ஏற்பாடே காரணம். கோப்பு இருக்கும் கணினியில் அவ்வேற்பாட்டை நிறுத்துமாறு மைக்ரோசாப்ட் பரிந்துரைத்தது.

ஆக்செசில் உள்ள 'சுருக்கிப் பழுதுநீக்கு' என்ற கட்டளை, பெயர் உணர்த்துவதுபோல் பழைய கோப்பைச் செப்பனிடுவதில்லை. புதிய கோப்பொன்றை உருவாக்கி, பழையதில் படிக்க முடிந்தவற்றை அதில் எழுதுகிறது. படிக்க முடியாதவற்றை விட்டுவிடுகிறது. விடுபட்டவை பற்றிய செய்தி ஒரு தனி அட்டவணையில் எழுதப்படும். 'பழுதுநீக்கம் முடிந்தது' என்ற நிம்மதியில் அதைத் திறந்து பார்ப்போர் குறைவு. பழுதுநீக்கத்திற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அட்டவணையின் பதிவுகளையும் எண்ணி ஒப்பிடுதல் இன்றியமையாதது.

இக்கட்டளை பயன்தராதபோது, வெற்றுக் கோப்பொன்றை உருவாக்கி அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யலாம். ஓர் அட்டவணையில் ஒரே ஒரு பதிவு சிதைந்திருந்தாலும் முழு அட்டவணையும் இறக்குமதியாகாது. அந்நிலையில் முதன்மைச் சாவியைக் கொண்டு, சிதைந்த பதிவுக்கு முன்னுள்ளவற்றை ஒரு முறையும் பின்னுள்ளவற்றை ஒரு முறையும் படியெடுத்தால் இடையிலுள்ள ஒன்று மட்டுமே இழப்பாகும். நீண்ட குறிப்புப் புலங்களே பெரும்பாலும் சிதைகின்றன; அவற்றில் சீன எழுத்துகளைப் போன்ற பொருளற்ற குறிகள் தோன்றும்.

பிற மென்பொருள்கள்

2005இல் வெளியான ஓப்பன் ஆபிஸ் 2.0 உடன் வந்த பேஸ், தன் தரவுத்தளத்தை ஒரு சுருக்கப்பட்ட பொதியாக வைத்தது. திறக்கும்போது பொதி பிரிக்கப்பட்டு, மூடும்போது மீண்டும் கட்டப்படும். கட்டுவதற்கு முன் மென்பொருள் முறிந்தால் அன்றைய பணி முழுவதும் போய்விடக்கூடும். தரவைப் பொதிக்கு வெளியே தனியாக வைப்பதே இதற்குப் பயனர்கள் கண்ட தீர்வு.

எஸ்கியூலைட் ஒரு கோப்பு மட்டுமே கொண்ட தரவுத்தளமாயினும் மேற்கூறிய குறிப்பேட்டு முறையைக் கைக்கொள்கிறது. எனவே மின்தடையை நன்கு தாங்கும். ஆனால் முறிவுக்குப்பின் அருகில் கிடக்கும் குறிப்பேட்டுக் கோப்பைத் தேவையற்றது என்று அழித்தால், மீட்பதற்கான குறிப்பையே அழித்ததாகும். இந்திய வணிகர்களிடையே பரவலான டேலி கணக்கியல் மென்பொருள் தனக்கே உரிய கோப்புவடிவத்தையும் தரவைத் திருப்பி எழுதும் வசதியையும் கொண்டது. அதனைத் தொடங்குமுன்னும் காப்புப் பிரதி எடுத்தல் வேண்டும்.

தமிழ்த் தரவு

தமிழில் பதியப்பட்ட பழைய தரவுத்தளங்களில் வேறொரு வகை இழப்பும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் வைக்கப்பட்டன. திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாப், டாம் ஆகியவற்றோடு, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. கோப்பு முழுமையாக இருந்தும், உரிய எழுத்துரு தொலைந்துவிட்டால் திரையில் தெரிவது பொருளற்ற குறிகளே. இதனைச் சிதைவு எனக் கருதிக் கோப்பைக் கைவிட்டோர் உளர்.

இவ்வாறான டிபிஎஃப் கோப்பை ஆக்செசிலோ விரிதாளிலோ இறக்குமதி செய்யும்போது, மென்பொருள் அதனை மேற்கு ஐரோப்பிய எழுத்து என எண்ணி ஒரு குறிமுறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும். இணையிடம் இல்லாத பைட்டுகள் இம்மாற்றத்தில் கேள்விக்குறிகளாகும். சேமித்தபின் அக்கேள்விக்குறி எந்த எழுத்தாக இருந்தது என்று அறிய இயலாது. எனவே குறிமுறை மாற்றத்தை மூலக்கோப்பின் பைட்டுகள் மீது, அந்தந்த எழுத்துருவுக்குரிய மாற்றி கொண்டு நேரடியாகச் செய்தல் வேண்டும். தமிழ்நாடு அரசு 2010 சூன் 23 அன்று பிறப்பித்த ஆணையின் வழியே ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. அதற்கு முந்திய கோப்புகளைத் திறப்போர் எழுத்துருக் கோப்பையும் தரவுடன் சேர்த்துப் பேணுதல் நன்று.

காப்புப் பிரதி

மென்பொருள் திறந்திருக்கும்போது எடுக்கும் படி பெரும்பாலும் பயனற்றது. ஒரு பகுதி மாற்றத்திற்கு முன்பும் மற்றொரு பகுதி மாற்றத்திற்குப் பின்பும் படியெடுக்கப்படுவதால், படியே சிதைந்த கோப்பாக அமையும். நாள் முடிவில் எல்லோரும் வெளியேறிய பின் எடுப்பதே முறை. டிபேஸ் வகையில் தரவுக்கோப்புடன் குறிப்புக்கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றை இன்றும் மற்றொன்றை நேற்றும் எடுத்துச் சேர்த்தால் குறிப்புகள் இடம்மாறிப் பொருந்தும்.

நாள்தோறும் ஒரே பெயரில் பழைய படியின் மீதே புதிய படியை எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. மேற்கண்ட சிற்பக்கூடத்தின் நிலையில் இதனால் பயனில்லை. சிதைவு தெரியவருமுன் சிதைந்த கோப்பே நல்ல படியை அழித்திருக்கும். வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு படிகளும், மாத இறுதிக்கு ஒன்றுமாக வைப்பது இச்சிக்கலைத் தீர்க்கும். இவற்றுள் ஒன்றேனும் வேறொரு கட்டடத்தில், இயலுமானால் வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கசா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய வேளையில் கணினியும் அதன் அருகே மேசை இழுப்பறையில் உள்ள படியும் ஒன்றாகவே நனைகின்றன.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை, 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க இந்திய அரசு 2022 சூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இதில் தரவு சங்கத்தின் மேசைக்கணினியில் அன்றிப் பொது வழங்கியில் இருக்கும். சிறு கடைகளும் பட்டறைகளும் இதற்கு வெளியே உள்ளன.

எடுத்த படி உண்மையில் திறக்கிறதா என்பதை அறிய, மாதம் ஒருமுறையேனும் அதை வேறொரு கணினியில் மீட்டு, இறுதியாகப் பதிந்த பத்துப் பதிவுகளைக் காகிதப் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு மாலையும் ஒரு தாளில் எழுதிவைப்பது இன்னும் எளிது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தாளில் 1500 என்று இருந்திருந்தால், மறுநாள் காலையில் திரையில் தோன்றிய 1497ஐக் கண்டவுடனேயே பணியை நிறுத்தியிருக்கலாம்.